வாசலில் எது சிக்குகிறது? பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

காலை ஏழரைக்கு வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். ஒரு ஷூ இருக்கிறது, இன்னொன்று இல்லை. ஐடி கார்டு நேற்று எங்கே கழற்றினானோ தெரியாது. “ஏஞ்சாமி, ராத்திரியே எடுத்து வெக்கச் சொன்னனில்ல?” என்று ஆத்தா ஒரு பக்கம் தேட, அம்மா இன்னொரு பக்கம் தேடுவார். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று எங்கே போனாலும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பல வீடுகளில் இதுதான் நிலவரம்.

இதற்குப் பிள்ளைகளைத் திட்டுவதால் பலன் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பொருள் தினமும் ஒரே இடத்தில் விழுந்து கிடக்கிறது என்றால், வைக்கும் இடத்தைப் பிள்ளையின் கால் போகும் வழியை விட்டுத் தள்ளி அமைத்திருக்கிறோம் என்று பொருள். அதனால் சரிசெய்வதை வாசலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சாயங்காலம் பிள்ளை வேனை விட்டு இறங்கி வரும்போது வாய் திறக்காமல் நின்று பாருங்கள். செருப்பு எந்தக் கல்லில் கழல்கிறது, பை எந்த மூலையில் விழுகிறது, தண்ணீர் பாட்டில் எங்கே போகிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டேப் எடுத்து மூன்று அளவு பாருங்கள்: நடையின் (வாசலில் இருந்து உள்ளே போகும் வழியின்) அகலம், கதவு முழுக்கத் திறந்தால் பிடிக்கும் இடம், ஒவ்வொரு பிள்ளையின் தோள் உயரம். திண்ணை வைத்த தோட்டத்து வீடாக இருந்தாலும் சரி, கதவைத் திறந்தால் நேராக ஹாலில் கால் வைக்கிற லைன் வீடாக இருந்தாலும் சரி, இந்த மூன்று அளவும் அந்தத் தாளும் இருந்தால் போதும். இனி உங்கள் வீட்டில் என்ன அறிகுறியோ அதற்குப் போகலாம்.

செருப்பெல்லாம் படியில் பரவிக் கிடக்கிறது, ஸ்டாண்டு பாதி காலியாக நிற்கிறது

முதலில் தூரத்தைப் பாருங்கள். நம் வீடுகளில் செருப்பு கழலும் இடம் வாசற்படிக்கு வெளியே. ஸ்டாண்டோ பெரும்பாலும் உள்ளே, கதவுக்குப் பின்னால். வெறுங்காலோடு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து போய் வைக்க எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது. தாளில் குறித்த இடத்திலிருந்து ஒரு எட்டுக்குள் ஸ்டாண்டை நகர்த்துங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் கதவைப் பாருங்கள். மூடி வைத்த ஷூ அலமாரி பார்க்க அழகு. ஆனால் குனிந்து, கதவைத் திறந்து, செருப்பை உள்ளே வைத்து, மறுபடி மூட வேண்டும். விளையாட ஓடும் பிள்ளை இத்தனையும் செய்யாது. கதவைக் கழற்றிவிடுங்கள். அல்லது பிள்ளைகளுக்கு மட்டும் கீழ்த் தட்டைத் திறந்தபடி விடுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? எண்ணிக்கைதான் காரணம். ஸ்டாண்டில் உள்ளதை எல்லாம் இறக்கி, ஆளுக்கு ஒரு தினசரிச் செருப்பு, பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு பள்ளி ஷூ, இவ்வளவை மட்டும் திரும்ப வையுங்கள். கல்யாணம் காட்சிக்குப் போடுவது, போன வருடம் பத்தாமல் போனது, அறுந்ததைத் தைக்க வைத்தது எல்லாம் ஒரு பெட்டிக்குள் போய்க் கட்டிலடியில் இருக்கட்டும். படிக்கு ஒரு பக்கம் இரண்டடி இடத்தைச் சும்மாவே விடுங்கள். நோம்பி நொடியில் சொந்தபந்தம் பத்துப் பேர் வந்தால் அவர்கள் செருப்புக்கு அந்த இடம் தேவைப்படும். ஸ்டாண்டு கோலம் போடும் இடத்தை அடைக்கவும் கூடாது. தினம் காலையில் வாசல் தெளிக்கிறவர் ஸ்டாண்டைத் தள்ள வேண்டியிருந்தால் பத்து நாளில் அது வேறு மூலைக்குப் போய்விடும்.

தெரு நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு போகிறது என்பது தனிச் சிக்கல். கீழ்த் தட்டு பிள்ளைக்குச் சௌகரியம், நாய்க்கும் சௌகரியம். கிரில் கேட் இருந்தால் ஸ்டாண்டை அதற்கு உள்பக்கம் வையுங்கள். கேட் இல்லாத வீட்டில், ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடும் துணிப் பைதான் நல்ல வழி. கெட்டித் துணியில் இரண்டு வரிசை அறை வைத்துப் பக்கத்துத் தையல்காரரிடம் தைத்து வாங்கலாம். திருப்பூர்ப் பக்கம் துணிக்கா பஞ்சம்? கீழ் வரிசை பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு வருகிற மாதிரி கட்டுங்கள்.

காலையில் சாக்ஸ் கிடைப்பதில்லை, ஒரு ஷூவுக்கு ஜோடி இல்லை

சாக்ஸை எங்கே வைக்கிறீர்கள்? துணி மடித்ததும் படுக்கையறை பீரோவுக்குப் போகிறது என்றால் அதுதான் காரணம். சாக்ஸ் ஷூவோடு சேர்ந்த பொருள். துவைத்துக் காய்ந்ததும் ஜோடியாகச் சுருட்டி, வாசல் பக்கம் ஒரு சின்னக் கூடையில் போடுங்கள். ஐடி கார்டும் பெல்ட்டும் அதே இடத்துக்கு வரட்டும். இந்த நாலும் பிரிந்து கிடக்கும் வரை காலைத் தேடல் ஓயாது.

பிள்ளை உட்கார இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று ஷூ கழற்றும் பிள்ளை அதை உதறித்தான் கழற்றும். ஒன்று ஸ்டாண்டுக்கு அடியில் போகும், இன்னொன்று துளசி மாடத்துப் பக்கம் போகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து பன்னிரண்டு இஞ்ச் உயர முக்காலி போதும், பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். திண்ணை உள்ள வீட்டில் திண்ணையே இதற்கு ஆகும். ஆனால் அது உயரம் என்றால் கீழே ஒரு பலகை போடுங்கள். லேஸ் கட்டத் தெரியாத வயதில், பள்ளி ஒத்துக்கொண்டால் ஒட்டும் பட்டை வைத்த ஷூ வாங்குவது காலையில் ஐந்து நிமிடத்தை மிச்சமாக்கும்.

பை தரையிலேயே கிடக்கிறது

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

ஒன்று, கொக்கியின் உயரம். பெரியவர் கைக்கு எட்டும் ஐந்தரை அடியில் கொக்கி அடித்துவிட்டு, “மாட்டுடா கண்ணு” என்றால் அவன் எப்படி மாட்டுவான்? கொக்கி பிள்ளையின் தோளுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சுமார் மூன்றடி, பத்து வயதுப் பிள்ளைக்கு நாலடி. மூன்றடியில் மாட்டினாலும் பையின் அடி தரையைத் தொடாது, கூட்டும்போது இடைஞ்சல் இருக்காது.

இரண்டு, கொக்கியின் பலம். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரை கிலோ. உங்கள் வீட்டுப் பையை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதோடு பிள்ளை பையைப் பிடித்துத் தொங்கவும் செய்யும். ஆகவே கொக்கி பத்து கிலோவாவது தாங்க வேண்டும்.

கொக்கி பெயர்ந்து விழுகிறதா? சுவரைப் பாருங்கள். செங்கல் சுவரில் வெளிப்பூச்சே அரை முதல் முக்கால் இஞ்ச் வரும். ஒரு இஞ்ச் ஆணி அடித்தால் அது பூச்சைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். டிரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, இரண்டு இஞ்ச் திருகாணி போட்டால் செங்கல் வரை போய்ப் பிடிக்கும். நம் பக்கம் ஹாலோ பிளாக் சுவர் அதிகம். அதில் துளை வெற்றிடத்தில் போய் நின்றால் பிளக் உள்ளே விழுந்துவிடும். அப்படிச் சுவரில் ஒவ்வொரு கொக்கிக்கும் தனித்தனித் துளை போடாதீர்கள். மூன்றடிப் பலகை ஒன்றை நாலு இடத்தில், கல்லின் கெட்டிப் பகுதி கிடைக்கும் இடமாகத் தட்டிப் பார்த்து இறுக்கிவிட்டு, கொக்கிகளைப் பலகையில் பொருத்துங்கள். பாரம் பிரிந்துவிடும். பழைய மண் சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் துளை போடவே வேண்டாம், தரையில் நிற்கும் ஸ்டாண்டுதான் சரி. சுண்ணாம்பு அடித்த சுவரிலும் டிஸ்டெம்பர் அடித்த சுவரிலும் ஒட்டுக் கொக்கி நிற்காது, தோலோடு உரிந்து வரும். டைல்ஸில் மட்டும் நிற்கும், அதுவும் ஐடி கார்டு மாதிரி லேசான பொருளுக்குத்தான்.

வாடகை வீட்டில் வீட்டுக்காரர் டிரில் போட விட மாட்டார். பரவாயில்லை, ஜன்னல் கம்பியும் கிரில் கேட்டும் இருக்கின்றனவே. பத்து ரூபாய் இருபது ரூபாய்க்கு இரும்புக் கடையில் கிடைக்கும் எஸ் வடிவக் கொக்கி போதும். கம்பியோடு ஒட்டும் மேல் வளைவைக் குறடால் நெருக்கிவிட்டால் பையை எடுக்கும்போது கொக்கியும் கூடவே வராது. மழை பெய்தால் நனையாத பக்கத்துக் கம்பியாகப் பார்த்து மாட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை உயரத்தில் கொக்கி என்றால் அதன் முனை பிள்ளையின் கண் உயரத்திலும் இருக்கிறது. முனை உருண்டையாக உள்ள கொக்கியாக வாங்குங்கள். பிள்ளைகள் ஓடும் வழியில் வைக்காமல் மூலைப் பக்கம் வையுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது காரணம், கொக்கியில் வேறு யாருடைய பொருளாவது இருப்பது. அப்பாவின் கம்பெனிப் பையும் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் பிள்ளையின் கொக்கியில் தொங்கினால் பிள்ளை பையைத் தரையில்தான் போடும். பெரியவர்களுக்கு மேலே தனி வரிசை வேண்டும். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும் வண்டியில் கூட்டிப் போனால் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் போட வேண்டும் என்று சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சின்ன ஹெல்மெட்டுக்கும் ஒரு கொக்கி ஒதுக்குங்கள், அப்பாவின் ஹெல்மெட்டுக்குப் பக்கத்திலேயே. வண்டிச் சாவி மட்டும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

திங்கட்கிழமை டிபன் பாக்ஸைத் திறந்தால் நாற்றம்

சாப்பாட்டுப் பைக்கு வாசலில் கொக்கி வைத்ததுதான் தவறு. அதன் இடம் அடுக்களை. பிள்ளை வந்ததும் தண்ணீர் குடிக்கப் போகும் இடத்துக்குப் பக்கத்தில், சிங்க்குக்குக் கீழே ஒரு கூடை வையுங்கள். பாட்டிலும் டப்பாவும் அதற்குள் போகட்டும். காலையில் நிரம்பிய பாட்டில் மட்டும் வாசலுக்கு வரும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பள்ளியில் கொடுத்த தாள் வேண்டிய நாளில் கிடைப்பதில்லை

சாயங்காலம் பையைத் திறப்பவர் யார்? அம்மாவும் அப்பாவும் ஷிப்ட் முடிந்து வர எட்டு மணி ஆகிற வீட்டில் அம்மிச்சியோ அப்பாரோதான், அதாவது பாட்டியோ தாத்தாவோதான், திறப்பார்கள். அவர்கள் தாளைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள், சாமி படத்துக்குப் பின்னால். பையின் கொக்கிக்கு மேலே ஒரு கிளிப் பலகை அடித்து, “தாள் எது வந்தாலும் இதுலயே சொருகிருங்” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். வீடு திரும்பும் பெற்றோர் முதலில் பார்க்கும் இடமாகவும் அது இருக்கும்.

எத்தனை கூட்டினாலும் உள்ளே மண்

எந்தப் பருவத்தில் என்று பிரித்துப் பாருங்கள், வைத்தியம் மாறும்.

ஆனி, ஆடியில் மண் வருவது காலால் அல்ல, காற்றால். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளை ஓட்டும் அதே வேகத்தில் புழுதியையும் வீட்டுக்குள் தள்ளும். மிதியடி எத்தனை போட்டாலும் இது நிற்காது. கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியை ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ வைத்து அடையுங்கள். மேற்குப் பார்த்த வாசல் என்றால் ஷூக்களைக் கவிழ்த்து வையுங்கள் அல்லது துணித் திரை தொங்கவிடுங்கள்.

இதே காற்றுதான் கதவைப் படாரென்று அறைந்து சாத்துகிறது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒரு கையைக் கதவு நிலையில் வைத்திருக்கும். விரல் நசுங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கதவு திறந்து நிற்கும் இடத்தில் தரையிலோ சுவரிலோ ஒரு காந்த ஸ்டாப்பரோ கொக்கியோ பொருத்துங்கள். கீல் பக்கத்துச் சந்துதான் அதிக ஆபத்து. அதை மூடும் பிளாஸ்டிக் பட்டை கடைகளில் கிடைக்கிறது. வாசலில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் ஆடி பிறப்பதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மண் காலோடு வரும். செம்மண் தூளாக ஒட்டும், கால் கழுவினால் போய்விடும். கரிசல் அப்படி இல்லை, அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு எட்டுக்கும் தடிமனாகிக்கொண்டே வரும். கரிசக்காட்டு வீட்டில் படிக்குப் பக்கத்தில் ஒரு பட்டை இரும்பை நிறுத்தி வைத்துப் பதியுங்கள், முனை மழுங்கலாக, செருப்பை இழுத்துத் தேய்க்கும் உயரத்தில். அதற்கு அடுத்து வெளியே ஒரு முரட்டுத் தென்னை நார் மிதியடி, உள்ளே ஒரு பருத்தி மிதியடி. நாருக்குப் பொள்ளாச்சி இருக்கிறது, அலைய வேண்டாம். அளவுதான் முக்கியம். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு காலும் இரண்டு முறை பதியும் நீளம் இருக்க வேண்டும். ஒன்றரை அடி மிதியடியைப் பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் போய்விடுவார்கள். உள் மிதியடி வழுக்கினால் அடியில் ரப்பர் வலை போடுங்கள்.

கால் கழுவ வெளியே தொட்டியும் சொம்பும் வைக்கும் பழக்கம் நம் ஊரில் முன்பே உண்டு. இன்றும் அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் படியில் தேங்காமல் செடிக்குப் போகிற மாதிரி வாட்டம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாசி பிடித்தால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள்.

ஷூ நாறுகிறது, ஈரம் காய்வதில்லை

வியர்வை ஈரத்தில் பாக்டீரியா பெருகுவதால்தான் நாற்றம். ஆகவே சென்ட் அடிப்பது பயன் தராது, காய வைப்பதுதான் வழி. சாயங்காலம் வந்ததும் உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, வாயைத் திறந்து காற்றோட்டமாக வையுங்கள். மழையில் ஊறிப் போனால் பழைய தினத்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், பசை விட்டு அடி பிளந்துவிடும். நாற்றம் அப்படியே இருந்தால் ராத்திரி சமையல் சோடா ஒரு கரண்டி தூவிக் காலையில் தட்டிவிடுங்கள். வசதிப்பட்டால் மழைக்காலத்துக்கு இரண்டாவது ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுவது எல்லாவற்றையும் விட நல்லது.

குடைக்கு வைத்த பக்கெட்டில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். பக்கெட்டின் அடியில் துளை போடுங்கள் அல்லது குடையைக் கம்பியில் தொங்கவிடுங்கள்.

ஷூவுக்குள் தேள், பூரான்

தோட்டத்து வீடுகளில் இது அடிக்கடி நடக்கும், ஊரை ஒட்டிய புது லேஅவுட்களிலும் நடக்கும். இருட்டும் கதகதப்பும் உள்ள இடுக்கைத் தேடி வந்து ஒளிந்துகொள்ளும் ஜீவன்கள் இவை. ஷூவைத் தரையில் வைக்காமல் ஓரடி உயரத் தட்டில் வையுங்கள். தேங்காய் மட்டை, விறகு, கல் குவியல் எதுவும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். கழற்றிய சாக்ஸை ஷூவுக்குள் சுருட்டி வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஷூவைப் போடும் முன் கவிழ்த்து இரண்டு தட்டு தட்ட வேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள், கையை உள்ளே விட்டுப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்து. வாசல் விளக்கு சுவிட்சு பிள்ளைக்கு எட்டினால் நல்லது.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். பிள்ளையை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள் அல்லது நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். என்ன கடித்தது என்று தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

அப்புச்சி (தாத்தா) தடுக்கி விழப் பார்த்தார்

நடையில் மூன்றடி அகலம் எப்போதும் சும்மா இருக்க வேண்டும். டேப்பில் எடுத்த அளவை இப்போது பாருங்கள். நடை நாலடிதான் என்றால் ஓரடிக்கு மேல் ஆழமான ஸ்டாண்டு அங்கே ஆகாது, செருப்பைச் சாய்த்து வைக்கும் ஒல்லியான வகையாகப் பாருங்கள். பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளும் கிரிக்கெட் மட்டையும் நடைக்கு வரக் கூடாது. போர்ட்டிகோவில் வண்டி நிறுத்தும் பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டு, “உன் வண்டிக்கு இதுதான் ஸ்டாண்டு” என்று கொடுத்தால் பிள்ளைகள் ஆசையாக நிறுத்துவார்கள். உயரமான ஸ்டாண்டு எதுவாக இருந்தாலும் மேல் பக்கத்தை எல் வடிவக் கிளாம்பு வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள். பிள்ளைகள் அதில் ஏறத்தான் செய்வார்கள்.

ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது, மறுபடி பழையபடி

இதுதான் அதிகம் வரும் புகார். மறுபடி சாயங்காலம் நின்று பாருங்கள், புதுத் தாளில் குறியுங்கள். பெரும்பாலும் வெளியாள் பொருள் ஒன்று உள்ளே நுழைந்திருக்கும்: கூரியரில் வந்த பெட்டி, தோட்டத்தில் இருந்து வந்த தேங்காய் மூட்டை, பக்கத்து வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டிய பாத்திரம். இதற்கெல்லாம் ஒரு கூடை தனியாக வேண்டும், சனிக்கிழமை அது காலியாக வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்றால் பெரியவர்களின் செருப்பைப் பாருங்கள். அப்பா படியில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தால் பிள்ளையும் அங்கேதான் போடும்.

இரண்டும் இல்லையென்றால் பிள்ளை வளர்ந்திருக்கும். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் ஒருமுறை, தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஒருமுறை தோள் உயரத்தை மறுபடி அளந்து, பலகையை அரையடி உயர்த்துங்கள். சின்னவன் இருந்தால் பழைய துளையை அடைக்க வேண்டாம், அவனுக்கு அது ஆகும்.